அழித்ததை வாசித்தல்

கோயம்புத்தூரைச் சுற்றி எந்தத் தொழிற்கூடத்துக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு மெமரி கார்டு செருகப்பட்டிருக்கும். நூற்பாலையில் நூலின் தரத்தை அளக்கும் கருவி, பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கும் மெஷின், திருப்பூரில் டிசைனை வாங்கிக்கொண்டு பூ வேலை செய்யும் எம்பிராய்டரி மெஷின், ஆள் வருகையைப் பதியும் கைரேகைப் பெட்டி. எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கென்று ஒரு சின்ன ஞாபகமும் இருக்கிறது. இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அதில் நான் திரும்பத் திரும்ப எழுதியது ஒரு கேள்வியைத்தான்: உன்னிடம் என்னென்ன இருக்கிறது?

கேள்வி எளிது. பதில் வரும் விதம்தான் விசித்திரமானது.

இந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை ஃபேட் என்ற கோப்பு முறையில் எழுதப்பட்டவை. 1970களின் இறுதியில் ஃப்ளாப்பிக்காக உருவான ஏற்பாடு. இன்றைக்கும் நூறு ரூபாய் சிப்புக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் டைரக்டரி என்பது பிரமாதமான ஒன்றும் இல்லை, ஒரு பேரேடுதான். ஒரு கோப்புக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு 32 பைட். முதல் 11 பைட்டில் பெயர். பிறகு எப்போது உருவானது, எப்போது மாறியது, உள்ளடக்கம் கார்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம். அவ்வளவுதான். கோப்பு அங்கே இல்லை. அது வேறெங்கோ கிடக்கிறது. இது அதன் பெயரும் விலாசமும் மட்டும்.

சின்ன இயந்திரங்களில் இதைப் படிக்க ஃபேட்எஃப்எஸ் என்ற நிரலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். சான் என்ற புனைபெயரில் ஒரு ஜப்பானியர் எழுதி, சும்மாவே கொடுத்துவிட்டார். முதலில் டைரக்டரியைத் திறக்க வேண்டும். பிறகு 'அடுத்தது', 'அடுத்தது' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் வரும். முடிந்துவிட்டால் எழுத்தே இல்லாத வெறும் பெயர் ஒன்று வரும். அதைப் பார்த்ததும் நம் நிரல் நின்றுவிடும். திரையில் பட்டியல் தோன்றும். இதோ, இவ்வளவுதான் இருக்கிறது.

ஆனால் 'அடுத்தது' என்று நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிரல் நமக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்கிறது. சில வரிகளைத் தாண்டிப் போகிறது. எந்த வரியின் முதல் பைட்டில் 229 என்ற எண் இருக்கிறதோ, அந்த வரியை அது பார்க்காதது போலக் கடந்துவிடும். 229 என்றால் அழிக்கப்பட்டது என்று அர்த்தம். முதல் பைட்டில் பூஜ்யம் இருந்தால் இங்கேயே நின்றுவிடு, இதற்குப் பிறகு எதுவும் எழுதப்படவே இல்லை என்று அர்த்தம்.

ஒரு கோப்பை நாம் 'டெலீட்' செய்யும்போது இயந்திரம் செய்வது ஏறக்குறைய இவ்வளவுதான். பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே 229 போடும். உள்ளடக்கம் கிடக்கும் இடங்களை 'காலி' என்று இன்னொரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். உள்ளடக்கத்தைத் தொடாது. மீதி எழுத்துகள், தேதி, நீளம், தொடங்கும் இடம் எல்லாம் அப்படியே இருக்கும். பழைய டாஸ் காலத்தில் 'அன்டெலீட்' என்றொரு கட்டளை இருந்தது. அழிந்த கோப்பை மீட்கும் முன் அது நம்மிடம் கேட்கும்: இந்தப் பெயரின் முதல் எழுத்து என்ன? அது ஒன்றுதான் அதற்கு மறந்துபோயிருக்கும்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. ஜப்பானிய எழுத்துகளைக் குறிக்கும் பழைய முறையில் சில கஞ்சி எழுத்துகளின் முதல் பைட்டே 229தான். அப்படி ஒரு பெயரோடு பிறந்த கோப்பை, பிறந்த கணத்திலேயே அழிக்கப்பட்டதாக இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பெயர்களுக்கு மட்டும் முதல் பைட்டில் 5 என்று மாற்றி எழுதி, படிக்கும்போது 229 ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தார்கள். தன் பெயரின் முதல் எழுத்தை மறைத்துக்கொண்டால்தான் பட்டியலில் இடம். நம்மூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இன்மையைக் குறிக்க ஒரு பேரேட்டில் எதற்கு இரண்டு எண்கள்? இல்லை என்றால் இல்லைதானே? இந்தக் கேள்வியை இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகள் சண்டை போட்டு அலசியிருக்கிறார்கள். நியாய வைசேஷிகர்கள் இன்மையை, அபாவத்தை, ஒரு தனிப் பதார்த்தமாகவே ஏற்றார்கள். அதிலும் வகை பிரித்தார்கள். குயவன் வனைவதற்கு முன் குடம் இல்லாதிருந்தது ஓர் இன்மை, அது பிராகபாவம். குடம் உடைந்த பிறகு இல்லாமலிருப்பது இன்னொன்று, அது பிரத்வம்சாபாவம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. முன்னதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. பின்னதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. இதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் சொன்ன இன்னொன்று: வெறும் இன்மை என்று ஒன்று கிடையாது, எப்போதும் ஏதோ ஒன்றின் இன்மைதான் உண்டு. 'தரையில் குடம் இல்லை' என்று சொல்ல, குடம் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஃபேட் எழுதியவர்கள் இதையெல்லாம் படித்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் பூஜ்யத்தையும் 229ஐயும் தனித்தனியாக வைத்தார்கள். காரணம் வேகம்: பூஜ்யத்தைக் கண்டதும் நின்றுவிட்டால் மீதியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் அந்த வேகத்துக்காக வைத்த எண், ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பூஜ்யம் யாரும் பேசாத இடம். 229 அப்படி இல்லை. அங்கே ஒருவர் இருந்தார். ஒன்றை வைத்தார். பிறகு 'இது வேண்டாம்' என்றோ, 'இது உனக்கல்ல' என்றோ சொல்லிவிட்டுப் போனார். வெற்றிடத்துக்கும் விலக்கப்பட்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. அழிப்பு ஒரு பொருளின் முடிவு என்பதைவிட, அது ஒரு மனிதர் சொன்ன சொல் என்பதுதான் சரி. இயந்திரம் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் அந்த வரியைத் தாண்டிப் போகிறது.

தாண்டாமல் படிப்பது மிகச் சுலபம். நிரலில் ஒரே ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் போதும். கேள்வி, அதை எடுக்க யாருக்கு உரிமை என்பது.

*

சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் ஒரு மெமரி கார்டு கொண்டுவந்தார். திருப்பூர்ப் பக்கம் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார். செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் கம்பெனி செலவில் ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்திருந்தார். பீஸ் கணக்கு எழுதவும், டேமேஜ் பீஸை ஃபோட்டோ எடுத்து அனுப்பவும். அந்தப் பெண் ஒருநாள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். கணக்கில் இடிக்கிறது என்று இவருக்குச் சந்தேகம்.

"ஏனுங் தம்பி, இதுல ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிருச்சு. நீங்க எடுத்துருவீங்கன்னு சொன்னாங்க. அப்படியே முழுசா ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துருங்க."

கார்டின் நகலை எடுத்து, தாண்டிப் போகும் அந்த நிபந்தனை இல்லாத ஒரு நிரலால் டைரக்டரியைப் படித்தேன். சாதாரணமாகப் படித்தால் காலிப் பட்டியல். இப்படிப் படித்தால் நீளமான பட்டியல். பெரிய பெயருள்ள கோப்புகளுக்கு ஃபேட் கூடுதலாகச் சில வரிகளை ஒதுக்கும். அழிக்கும்போது அவற்றிலும் முதல் பைட்தான் 229 ஆகும். ஆனால் அந்த இடத்தில் இருந்தது வரிசை எண், எழுத்து அல்ல. ஆகவே நீண்ட பெயர்கள் ஓர் எழுத்துகூடக் குறையாமல் முழுசாக இருக்கும்.

நான் ஒரு கோப்பையும் திறக்கவில்லை. ஆனால் திறக்காததால் ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்கேன் சென்டரின் பெயரும் ஒரு தேதியும் இருந்தால் போதும். ஒரே நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த முப்பது ஃபோட்டோக்களின் வரிசை எண் போதும். ஒரு விண்ணப்பப் படிவத்தின் பெயர் போதும். இவை உதாரணத்துக்குச் சொன்னவை. அந்தக் கார்டில் இருந்தவை எவை என்று இங்கே எழுதப் போவதில்லை. பேரேட்டின் வரியும் வாழ்க்கையின் ஒரு துண்டுதான். பெயர், நேரம், நீளம் இந்த மூன்றும் சேர்ந்தால், உள்ளே இருப்பதைப் பார்க்காமலே பாதியைச் சொல்லிவிடலாம். நீளத்தை மட்டும் வைத்துக்கூட அது ஃபோட்டோவா, குரல் பதிவா, ஒரு நிமிஷமா, ஒரு மணி நேரமா என்று தொழில் தெரிந்தவன் சொல்லிவிடுவான்.

"பீஸ் கணக்கு ஷீட்டுக எல்லாம் வந்துருங்ணா. அத எடுத்துத் தர்றேன். மத்தது வேண்டாங்க."

"அதென்னங் தம்பி, கார்டு என்னுது, ஃபோன் என்னுது, அந்தப் புள்ளைக்குச் சம்பளம் குடுத்ததும் நானு. என்ற கார்டுல இருக்கறது எனக்கில்லீங்களா?"

அவர் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. சொத்து என்று பார்த்தால் கார்டு அவருடையதுதான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் மறந்து விட்டுப்போன சாமானை வீட்டுக்காரர் எடுத்துப் பார்ப்பதில் பெரிய குற்றம் என்ன என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பெண் மறந்து விட்டுப் போகவில்லை. அழித்துவிட்டுப் போனார். வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனவரின் குப்பைத்தொட்டியைக் கிளறுவதுபோல் என்று சொல்லலாமா? அதுவும் சரியில்லை. குப்பையில் போட்டது வெளியே தெரிய வாய்ப்புண்டு என்று போடுகிறவருக்குத் தெரியும். ஃபோனின் 'டெலீட்' பட்டனை அமுக்குகிறவர், அது போய்விட்டது என்றே நம்புகிறார். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று ஃபோன் அவரிடம் கேட்கிறது. அவர் 'ஆம்' என்கிறார். அங்கே ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. வாக்குக் கொடுத்தது இயந்திரம் என்றாலும், இயந்திரத்தின் பேரில் அதைக் கொடுத்தது அதற்கு நிரல் எழுதிய என்னைப் போன்ற ஒருவன்தான்.

கணக்கு ஷீட்டுகளைக் கொடுத்தது ஏன் என்றும் கேட்கலாம். அவற்றையும்தான் அவர் அழித்திருந்தார். அவை அவர் சொல்லி அழிக்கக்கூடியவை அல்ல என்பது என் முடிவு. அந்தக் கணக்கு அவருக்கும் முதலாளிக்கும் பொதுவானது. அதில் மற்ற தொழிலாளர்களின் கூலியும் இருக்கிறது. தன் சொல்லால் விலக்கிவிட ஒருவருக்கு உரிமை இருப்பது தன்னுடையதை மட்டும்தான். இந்தக் கோடு எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவாக விழாது என்பது தெரியும். அன்றைக்கு விழுந்தது. ஷீட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். எடுத்திருந்த நகலை அவர் எதிரிலேயே பூஜ்யங்களால் நிரப்பினேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் வேலைக்கு வரவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. நல்லதுதான். ஆனால் சட்டத்தின் 'அழி'யும் கார்டின் 'அழி'யும் ஒன்றா என்பதைத் தையல் யூனிட் மேசையில் யாரும் கேட்பதில்லை.

*

இதுவரை சொன்னதை வைத்து 'அழித்ததைப் படிக்காதே, பட்டியலில் இருப்பதோடு நின்றுகொள்' என்று ஒரு விதி செய்துவிடலாம் போலத் தோன்றும். செய்ய முடியாது. காரணத்துக்கு நான் தூரமாகப் போக வேண்டியதில்லை. திருச்செங்கோடு இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள்தான்.

2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி, உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போனார். அவர் தலித். அந்தப் பெண் கவுண்டர் சமூகம். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல், தலை துண்டான நிலையில் கிடந்தது. வழக்கு நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் சாதிச் சங்கத் தலைவர் யுவராஜ் உட்படப் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023 ஜூன் 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது.

கோகுல்ராஜோடு போன பெண் விசாரணையில் பிறழ்சாட்சி ஆனார். உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவரை மறுபடி வரவழைத்து, கோயில் கேமரா பதிவைப் போட்டுக் காட்டிக் கேட்டது. அதில் இருப்பது தான் அல்ல என்றார். நீதிமன்றம் அவர்மேல் அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. 2023 ஜனவரியில் நீதிபதிகளே மலைக்கோயிலுக்கு நேரில் போய், கேமராக்கள் எங்கே இருந்தன, எது எதைப் பார்க்கும் என்று நின்று பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்வது இதைப் படிக்கிற யாருக்கும் சுலபம். எனக்கு அது வரவில்லை. கொங்கு நாட்டில் ஒரு சாதிக்குள், ஒரு குடும்பத்துக்குள், ஒரு ஊருக்குள் வாழ்கிற பெண்ணுக்கு அந்தக் கூண்டில் என்னென்ன தெரிந்திருக்கும் என்று நம்மால் ஊகிக்க மட்டும்தான் முடியும். கேமராவுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, பயம் இல்லை. அதுதான் அதன் மதிப்பு. அது எதற்கும் துணிந்து சொல்லவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். துணிவு தேவைப்படாத ஒன்றின் சாட்சியம் அது.

சிசிடிவியின் ரெக்கார்டர் பெட்டியும் நான் சொன்ன சின்ன இயந்திரங்களில் ஒன்றுதான். ஆனால் அதன் மறதி வேறு மாதிரி. அதன் பேரேட்டில் பெயர் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கேமரா எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். டிஸ்க் நிரம்பியதும் ஆகப் பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டு வட்டமாகச் சுற்றிவரும். யாரும் அழிக்கச் சொல்வதில்லை. நாட்கள் போனால் தானாகப் போய்விடும். போலீஸ் வந்து டிஸ்க்கைக் கைப்பற்றுவதற்குள் வட்டம் சுற்றிவிட்டால், நடந்தது அந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. பல கம்பெனிகளின் பெட்டிகள் தங்களுக்கென்று தனிக் கோப்பு முறை வைத்திருக்கின்றன. அந்த டிஸ்க்கைக் கழற்றிச் சாதாரணக் கம்ப்யூட்டரில் மாட்டினால், அதற்குப் பேரேடே கண்ணில் படாது. 'இதை ஃபார்மேட் செய்யவா?' என்று அப்பாவியாகக் கேட்கும். அந்த இடத்தில் 'சரி' என்று ஒரு விரல் அமுக்கிவிட்டால் கதை முடிந்தது.

ஆகவே இங்கே பட்டியலைத் தாண்டிப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். படித்தே ஆக வேண்டும். பெட்டி 'காலி' என்று சொன்னாலும் நம்பக் கூடாது. தையல் யூனிட் கார்டில் படிக்காமல் இருப்பதுதான் மரியாதை என்ற நான், இங்கே படிக்காமல் இருப்பது குற்றம் என்கிறேன். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

விளைவைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்: அங்கே கொஞ்சம் பணம், இங்கே ஓர் உயிர். அது போதாது என்று நினைக்கிறேன். பெரிய குற்றம் என்றால் யார் கார்டை யார் வேண்டுமானாலும் கிளறலாம் என்று அது கொண்டுபோய் விடும். எல்லாக் கிளறலுக்கும் பெரிய குற்றம் ஒன்றைப் பெயர் சொல்லிவிட முடியும். என் பதில் வேறு. தையல் யூனிட் கார்டில் அந்தப் பெண்ணின் மறுப்பைத் தாண்டிப் போகச் சொன்னவர், அந்த மறுப்பு யாருக்கு எதிராக இருந்ததோ அவரே. திருச்செங்கோட்டில் கேட்பது, கேட்க வாய் இல்லாமல் போன ஒருவர். 'நான் அங்கே இருந்தேன், நடந்துபோனேன்' என்று தன் வாயால் சொல்ல அவரை விட்டுவைக்கவில்லை. ஒருவருடைய சொல்லைத் தாண்டிப் படிக்க வேண்டுமென்றால், இன்னொருவருடைய சொல் அங்கே சிக்கிக் கிடக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் சிக்கிக் கிடக்க வேண்டும். ஆர்வமும் சந்தேகமும் உரிமையாளர் என்ற பட்டமும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்றும் வேண்டும். படித்தவர் யார் என்று தெரிய வேண்டும். என் மேசையில் நான் எதையும் யாருக்கும் சொல்லாமல் படித்துவிட முடியும். நீதிமன்றத்தில் அது முடியாது. சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும் என்றது. அசல் கருவியையே கொண்டுவந்து காட்டாதபோது அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 63ஆம் பிரிவு. சான்றிதழுக்குப் படிவமே உண்டு. ஒரு பகுதியைப் பதிவைக் கொடுப்பவர் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் எண் அது. வக்கீல்கள் இதை ஒரு தொல்லையாகப் பேசுவார்கள், சான்றிதழ் இல்லை என்று வழக்கு விழுந்த கதைகளும் உண்டு. எனக்கு அந்தப் படிவம் பிடிக்கும். இயந்திரம் சொன்னது என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒரு மனிதர் தன் பெயரைப் போட்டு 'நான் எடுத்தேன், இப்படி எடுத்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

*

நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கி அங்கே தோண்டியபோது, தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. இரும்பு உருக்கினார்கள், கல்மணி செய்தார்கள், தூரதேசத்தோடு வியாபாரம் செய்தார்கள். பானையில் தங்கள் பெயரைக் கீறி வைத்தார்கள். பானையும் உடைந்துவிட்டது, உள்ளே இருந்ததும் போய்விட்டது, பெயர் நிற்கிறது. என் கார்டுக்கு நேர் எதிர். அங்கே பெயர் போய் உள்ளடக்கம் நின்றது, இங்கே உள்ளடக்கம் போய்ப் பெயர் நிற்கிறது.

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒருவரின் பெயரைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்டோமா? இல்லை. என் வாதப்படி அது தவறா? நண்பர் ஒருவர் இதைக் கேட்டு என்னை மடக்கப் பார்த்தார். கொடுமணல்காரர் எதையும் மறுக்கவில்லை என்பது என் பதில். பெயரைக் கீறியதே பிறர் படிக்கத்தான்: இது என் பானை, எடுக்காதே. பானை உடைந்தபோது தூக்கிப் போட்டார். தூக்கிப் போட்டது வேறு, அழித்தது வேறு. அவர் அந்தப் பெயரைத் தானே சுரண்டி எடுத்திருந்தால், அதை விளக்கு வைத்துப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். "ரெண்டாயிரம் வருஷம் கழிச்சுமா?" என்றார் நண்பர். ஆமாம், கொஞ்சம்.

காலம் எவ்வளவு போனால் ஒருவரின் மறுப்பு காலாவதி ஆகும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கார்டில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது: வேறு யாருக்காவது அந்த இடம் தேவைப்படும்வரை. புதிய கோப்பு ஒன்று வந்து, 229 போட்ட வரியைக் காலியிடம் என்று எடுத்துக்கொண்டு தன் பெயரை அங்கே எழுதும்போதுதான் பழையது போகிறது. நம்மிடமும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு நிச்சயமில்லை.

*

இப்போது நாங்கள் ஒரு வருகைப் பதிவுப் பெட்டி செய்துகொண்டிருக்கிறோம். விரலை வைத்தால் உள்ளே விடும். இரண்டு ஷிஃப்ட் ஓடும் சின்ன மில்களுக்காக. ஆள் வேலையை விட்டுப் போனால் மேனேஜர் மெனுவில் போய் 'நீக்கு' என்று அமுக்குவார். அவருடைய கைரேகை வார்ப்பு என்ன ஆக வேண்டும்?

முதலில் எழுதிய நிரல் எல்லோரும் எழுதுவதுதான்: பேரேட்டில் ஒரு குறி, அடுத்த வேலை. உடனே முடியும். ஃப்ளாஷ் நினைவகத்துக்கும் நல்லது. ஃப்ளாஷில் ஒரு பைட்டை மட்டும் தனியாக அழிக்க முடியாது, ஒரு பெரிய கட்டத்தையே மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை தடவை என்று ஆயுள் உண்டு. வெளியில் செருகும் கார்டென்றால் இன்னும் மோசம். மேலே பூஜ்யம் எழுது என்று நாம் சொன்னால், கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் அந்தப் பூஜ்யங்களை வேறொரு கட்டத்தில் எழுதிவிட்டு 'ஆச்சு' என்று சொல்லக்கூடும். பழையது உள்ளே எங்கோ இருக்கும். கார்டின் பேரேட்டுக்கும் கீழே இன்னொரு பேரேடு, அதை நாம் பார்க்கவே முடியாது.

கூட வேலை செய்யும் பெண், என்னைவிட பதினைந்து வயது சின்னவர், இதை ஏற்கவில்லை.

"டெலீட்னு போட்டிருக்குதுங்ணா. அமுக்குனா டெலீட் ஆகோணும். இல்லீன்னா 'மறை'ன்னு போடுங்க."

அவர் சொன்ன வழி இது: ஒவ்வொருவர் ரேகையையும் தனித்தனிச் சாவியால் பூட்டி எழுதுவது, சாவிகளை மட்டும் மெயின் சிப்பின் உள் நினைவகத்தில் வைப்பது. நீக்கும்போது சாவி இருக்கும் கட்டத்தை நிஜமாகவே அழித்துவிடுவது. பூட்டிய பெட்டி கார்டில் எங்கே கிடந்தாலும் பரவாயில்லை, திறக்க முடியாது. சாவிகள் சில நூறு பைட்தான் என்பதால் ஆயுள் கவலையும் குறைவு.

மாதிரிப் பெட்டியைப் பார்க்க வந்த மில்காரர் கேட்ட முதல் கேள்வி, "தப்பா அமுக்கிட்டா திருப்பி எடுத்துக்கலாங்களா?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மாசத்தில் நாலு பேர் போவார்கள், அதில் இரண்டு பேர் திரும்பி வருவார்கள். அதனால் மெனுவில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன. 'நிறுத்தி வை' என்று ஒன்று, அது பேரேட்டில் குறி மட்டும் போடும். 'நீக்கு' என்று இன்னொன்று. அது முடிய ஒன்றிரண்டு நொடி ஆகும். நீக்கும்போது அந்தத் தொழிலாளியும் விரல் வைத்தால்தான் வேலை நடக்க வேண்டுமா என்று எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனவர் விரல் வைக்கத் திரும்பி வருவாரா என்பது மேனேஜர்களின் கேள்வி. வராவிட்டால் அவர் ரேகை யாரிடம் இருக்கும் என்பது அந்தப் பெண்ணின் கேள்வி.